ஊர்ப் பணமா, கம்பெனிப் பணமா, நிதியத்தின் பணமா: கடலோர டிரஸ்ட்டுகளுக்கு எது தோது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் சின்னச் சின்ன டிரஸ்ட்டுகளுக்குக் குறைவே இல்லை. மாலை நேர வகுப்பு, பாசி எடுக்கும் பெண்களின் சங்கம், ஏர்வாடிப் பக்கம் மனநலம் பாதித்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம், இப்படி. இவர்களுக்குக் கணக்கும் புரபோசலும் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: பணத்துக்கு யாரிடம் போவது? அரசுத் திட்டங்கள் தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை. மீதி மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் கம்பெனிப் பணம், அதாவது சி.எஸ்.ஆர். என்கிற கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். தொகை பெரிது, மறுக்க முடியாது. ஆனால் கம்பெனி தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனை பெரிய ஆலை இருக்கிறது? 2018-ல் ராமநாதபுரத்தை முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில் (பின்தங்கிய மாவட்டங்களுக்கான மத்திய அரசின் பட்டியல்) சேர்த்தபிறகு வெளியூர்க் கம்பெனிகளின் கண் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். அப்புறம் டிரஸ்ட்டுக்கு 12ஏ (டிரஸ்ட்டுக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச்சலுகை), சி.எஸ்.ஆர்.-1 (கம்பெனிப் பணம் வாங்க அரசிடம் செய்யும் பதிவு), மூன்று வருட அனுபவம் எல்லாம் வேண்டும்.

இதெல்லாம் கூட சமாளித்துவிடலாம். உண்மையான சிக்கல், கம்பெனிக்குப் பொருள் வேண்டும், போட்டோவில் தெரிகிற பொருள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு கிராமத்தில் குடிதண்ணீர் ஆர்.ஓ. மெஷின் ஒன்று இருக்கிறது. நீலப் பெயின்ட் அடித்த ஷெட், மெஷினைவிடப் பெரிய பெயர்ப்பலகை, நாலு குழாய். உப்பை வடிகட்டும் மெம்பிரேனை மாற்றப் பணமில்லாமல் குழாய் நின்றுபோய், உப்புக் காற்றில் பூட்டே துருப்பிடித்து, இப்போது அந்த ஷெட் நிழலில் வலை காயப்போடுகிறார்கள். பெண்கள் பழையபடி குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறார்கள். மெஷினுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர்களிடம் வருடா வருடம் பராமரிப்புக்கு என்று கேட்டபோது, அதற்கு பட்ஜெட்டில் தலைப்பு இல்லை என்று பதில் வந்ததாம்.

நேரமும் ஒத்துவராது. கம்பெனிப் பணம் பெரும்பாலும் ஜனவரியில் அசைய ஆரம்பித்து மார்ச் 31-க்குள் செலவாகியே தீர வேண்டும் என்று துரத்தும். நம் பக்கம் கை காய்வது அதற்கு அப்புறம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகை நம்பிய குடும்பங்களுக்கு வேலையே இல்லாத நாட்கள். தொழிற்பயிற்சி கொடுப்பதானால் அப்போது கொடுக்க வேண்டும். மார்ச் மாதம், ஆள் கடலில் இருக்கும்போது, யாருக்குப் பயிற்சி?

இரண்டாவது ஊர்ப் பணம். ஊர்க்கூட்டம், ஜமாஅத், சர்ச் கமிட்டி, வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு. வேகத்தில் இதை யாரும் மிஞ்ச முடியாது. காலையில் ஒரு பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் என்று செய்தி போட்டால் மாலைக்குள் துபாயிலிருந்து பணம் வந்துவிடும், புரபோசலும் கிடையாது ரிப்போர்ட்டும் கிடையாது. பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் இருந்தபடி தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக டிரஸ்ட்டுக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அதே ஆள் சிங்கப்பூர், மலேசியாக் குடியுரிமை வாங்கிவிட்டால் வரும், எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது. அனுப்புகிறவரின் பாஸ்போர்ட் நகலை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள், சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஊர்ப் பணத்தின் குறை என்னவென்றால், ஊருக்குப் பிடித்ததற்குத்தான் வரும். கந்தூரிக்கு, தேருக்கு, மண்டபத்துக்குக் கொட்டும். குடிநோயாளிகளுக்கு ஆலோசனை, கணவனை விட்டு வந்த பெண்ணுக்கு உதவி என்றால் கூட்டத்தில் எல்லாரும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தலைவரோடு மனஸ்தாபம் உள்ள வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, சமுதாய நிதியம். உள்ளூர்க்காரர்கள் பலர் போட்ட பணத்தை ஒரே பானையில் சேர்த்து, உள்ளூர்க் குழு ஒன்று விண்ணப்பம் வாங்கிப் பார்த்து தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு. 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிரெடரிக் காஃப் என்ற வங்கிக்காரர் தொடங்கி வைத்தது. மும்பையில் 1991-ல் ஒன்று வந்தது. நம் பக்கம் இப்போதுதான் பேச்சு நடக்கிறது.

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதிலும் சட்டச் சிக்கல் உண்டு. 2020 எஃப்.சி.ஆர்.ஏ. திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தை ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது, ஆக நிதியம் உள்நாட்டுப் பணத்தில்தான் ஓட வேண்டும். 2023 வருமான வரித் திருத்தமோ ஒரு டிரஸ்ட் இன்னொரு டிரஸ்ட்டுக்குக் கொடுக்கும் நன்கொடையில் 85 சதவீதத்தை மட்டும்தான் செலவாக ஏற்கிறது. ஒரு லட்சம் கொடுத்தால் கணக்கில் 85,000. பிரித்துக் கொடுப்பதே வேலையாக உள்ளவர்களுக்கு இது எரிச்சலூட்டும் விஷயம், ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் இருந்தும் ஏன் நிதியம் என்றால், அது மட்டும்தான் சம்பளம் கொடுக்கலாம். தங்கச்சிமடம் பக்கம் மாலை வகுப்புக்கு வேண்டியது புது கம்ப்யூட்டர் இல்லை, டீச்சருக்கு மாதச் சம்பளமும் கரண்ட் பில்லும். பாசி வளர்க்கிற பெண்களுக்கு 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தை யார் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுப்பார்கள்; வாடைக் காற்றில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளித்து தெப்பம் சிதறினால் விதைப்பாசிக்கு மறுபடி பணம் கொடுக்க, அந்தக் கடலைத் தெரிந்த ஆள் குழுவில் இருக்க வேண்டும். பாசி 45 நாளில் அறுவடைக்கு வரும் என்பது நல்ல கடலுக்கான கணக்கு என்று சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியவைத்து எனக்குப் பல தடவை தொண்டை வறண்டிருக்கிறது.

உள்ளூர்க் குழு என்பதால் உள்ளூர் அரசியலும் கூடவே வரும். குழுவில் இருப்பவரின் மச்சானே டிரஸ்ட் நடத்துவார். அந்த விண்ணப்பம் வரும்போது அவர் அறையை விட்டு எழுந்து போகிறாரா என்று பாருங்கள். மீனவப் பெண் ஒருத்தியாவது குழுவில் இருக்கிறாளா, படகு உரிமையாளர்கள் மட்டும்தானா என்றும் பாருங்கள்.

விண்ணப்பம் விஷயத்தில் சில நிதியங்கள் கம்பெனிகளைக் காப்பியடிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு இங்கிலீஷில் இருபது பக்கம், பேஸ்லைன் டேட்டா (வேலை தொடங்கும் முன் இருந்த நிலையின் புள்ளிவிவரம்), போன வருடத்தைவிட எத்தனை பயனாளிகள் கூடினார்கள் என்று ஒரு கட்டம். வகுப்பறையே நாற்பது பிள்ளைகள் உட்காரும் அளவுதான், எங்கே கூடுவது? அந்தக் கட்டத்தில் பொய் எழுத வைப்பது விண்ணப்பம்தான். தமிழில் இரண்டு பக்கம் வாங்கிக்கொண்டு, அப்புறம் நேரில் வந்து ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ஆக, என் கணக்கு இப்படி. கட்டடம், மெஷின் என்றால் கம்பெனி, ஆனால் மூன்று வருடப் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபீஸ், ஆஸ்பத்திரி, புயல் என்றால் ஊர். சம்பளம், வாடகை, ஊருக்குப் பிடிக்காத வேலை என்றால் நிதியம். விண்ணப்பம் எழுத உட்காரும் முன் நிதியத்துக்கு ஒரு போன் போட்டு, சம்பளத்துக்குக் கொடுப்பீர்களா, அடுத்த வருடமும் கொடுப்பீர்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அந்த நேரத்தில் கம்பெனிக்கே எழுதலாம், தொகையாவது பெரிதாக இருக்கும்.