பழைய பிக்கப்பா, பி.எஸ். 6 வண்டியா?

மண்டிக்குக் காய்கறி ஏற்றும் பழைய டீசல் பிக்கப்பை விற்றுவிட்டு, 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புகை மாசைக் குறைக்கும் கடுமையான விதிப்படி செய்த) வண்டி வாங்கலாமா? மைலேஜை மட்டும் வைத்து முடிவெடுப்பது வீண்.

பழைய வண்டியில் எலக்ட்ரானிக்ஸ் இல்லாத மெக்கானிக்கல் டீசல் பம்ப் இருந்தால் உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். தவணைத் தொல்லையும் இல்லை. ஆனால் எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, எடுக்க வேண்டும். 15 ஆண்டு கடந்துவிட்டால், 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணமே பல மடங்கு. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை துரு தின்றிருந்தால் பேச்சே வேண்டாம், விற்றுவிடுங்கள்.

புதியதில் புகை குறைவு, ஓட்டவும் சுகம். சிக்கல் சைலன்சர் பக்கம் இருக்கிறது. அங்குள்ள கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள, வெளியேறும் புகை நன்கு சூடேற வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டத்தில் அது தானாக நடந்துவிடும். ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, மறுபடி கிளப்பிக்கொண்டிருந்தால் கரி அடைக்கும். டாஷ்போர்டில் விளக்கு எரியும். பிறகு சர்வீஸ் சென்டர்தான் கதி. ஆயிலும் சாம்பல் குறைந்த ரகமாக இருக்க வேண்டும். கிடைத்ததை ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள் குறையும். மாற்று வடிகட்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்!

ஒட்டன்சத்திரத்திலிருந்து தினமும் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றுகிறவர் தயங்காமல் புதியதை வாங்கலாம். வாரத்தில் சில நாள் தோட்டத்துக்கும் மண்டிக்கும் மட்டும் ஓடும் வண்டியை, சேஸிஸ் திடமாக இருக்கும்வரை நான் விற்க மாட்டேன்.