தலைமுடியில் பிளேடு, கார் கதவில் துப்பாக்கி

1973இல் சில வார இடைவெளியில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தவை 'காஃபி', 'கிளியோபாட்ரா ஜோன்ஸ்' என்ற இரண்டு ஆக்‌ஷன் படங்கள். இரண்டிலும் கறுப்பினப் பெண்தான் நாயகி, இரண்டிலும் எதிரி போதைப்பொருள் கும்பல். இது தற்செயல் இல்லை. 'கிளியோபாட்ரா ஜோன்ஸ்' முதலில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்ற சிக்கனக் கம்பெனிக்கு வர இருந்த கதை. வார்னர் பிரதர்ஸ் தட்டிக்கொண்டு போனது. கடுப்பான சின்னக் கம்பெனி, இயக்குநர் ஜாக் ஹில்லைக் கூப்பிட்டு அவசரமாக 'காஃபி'யை எடுத்து முந்திக்கொண்டது. (குடிக்கிற காபி இல்லை, காஃபின் என்ற குடும்பப் பெயரின் செல்லச் சுருக்கம்.)

கிளியோபாட்ரா அரசாங்க ஏஜென்ட். ஆறடியைத் தாண்டிய மாடல் டமாரா டாப்சன் வந்து நின்றாலே ஃபிரேம் நிறைந்துவிடும். முதல் காட்சியிலேயே துருக்கியில் போதைப்பொருளுக்கான கசகசாச் செடி வயலைக் குண்டு போட்டு அழிக்க வைக்கிறாள். காட்சிக்கொரு உடை, கார்வெட் கார், அதன் கதவுக்குள் வரிசையாகத் துப்பாக்கிகள். கேமரா அவளை மரியாதையாகவே பார்க்கிறது. ஆடையைக் களைய ஒரு சாக்கும் தேடவில்லை. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

காஃபி வெறும் நர்ஸ். போதையில் சீரழிந்த தங்கைக்காகத் துப்பாக்கி எடுக்கிறாள். லைசென்ஸும் இல்லை, ஜேம்ஸ் பாண்ட் சாமான்களும் இல்லை. ஒரு பார்ட்டியில் சண்டை வரும் என்று தெரிந்து, முன்கூட்டியே சுருள்முடிக்குள் பிளேடுகளைச் செருகிவைக்கிறாள். முடியைப் பிடித்து இழுத்தவளின் கை கிழிகிறது. காசில்லாத படத்துக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். ஆனால் அதே சண்டையில் பெண்களின் ரவிக்கைகள் வரிசையாகக் கிழிவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். காஃபியாக நடித்த பாம் கிரியரின் உடம்பை வைத்து டிக்கெட் விற்ற படம் இது. பூசி மெழுக வேண்டாம்.

சரி, கௌரவம் கிளியோபாட்ராவுக்குத்தானே? அதிலும் ஓட்டை இருக்கிறது. ஷெல்லி வின்டர்ஸ் நடித்த 'மம்மி' என்ற வில்லி, பெண்களை விரும்பும் பெண். சதா கத்துகிற கோமாளியாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். ஒருத்தியை உயர்த்த இன்னொருத்தி தலையில் மிதித்த மாதிரி. போலீஸிலும் ஒரு கெட்ட ஆளை அகற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற தோரணை.

'காஃபி'யில் அந்த ஆறுதல் இல்லை. கறுப்பின மக்களுக்காகப் பேசும் அரசியல்வாதியான அவளுடைய காதலனே கும்பலின் கூட்டாளி. கடைசியில் அவன் நைச்சியமாகப் பேசப்பேச அவள் துப்பாக்கி தாழ்கிறது. அப்போது உள்ளறையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் எட்டிப் பார்க்கிறாள். அப்புறம் அவனுக்குப் பேச வாய்ப்பில்லை.

திரைக்குப் பின்னால் பார்த்தால் கணக்கு தலைகீழ். இரு இயக்குநர்களும் வெள்ளையர்கள். 'காஃபி'யை எழுதியவரும் ஹில்தான். 'கிளியோபாட்ரா ஜோன்ஸ்' கதையோ கறுப்பின நடிகர் மேக்ஸ் ஜூலியனுடையது. இருந்தும் ஒரே ஒரு ராத்திரிதான் கையில் இருக்கிறது என்றால் நான் 'காஃபி'யைத்தான் போடுவேன்.

1975இல் இரண்டாம் பாகத்தில் கிளியோபாட்ரா, ஷா பிரதர்ஸ் என்ற ஹாங்காங் படக் கம்பெனியின் கூட்டுத் தயாரிப்பில் ஹாங்காங் போய்விட்டாள். 'காஃபி'யின் இரண்டாம் பாகமாகத் திட்டமிட்ட படத்தை அமெரிக்கன் இன்டர்நேஷனல் கடைசி நேரத்தில் பெயர் மாற்றி 1974இல் 'ஃபாக்ஸி பிரவுன்' ஆக்கியது. நர்ஸ் வேலை பழைய பெயரோடு போயிற்று; புது நாயகி என்ன வேலை பார்க்கிறாள் என்று படம் முடியும்வரை யாரும் சொல்லவே இல்லை.