மழை நாளில் ஊட்டி மலை ரயில்: சக்கரம் சறுக்காத கதை

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர் வந்தால் ரயில் தாமதத்துக்கான காரணம் மனப்பாடம்: தண்டவாளத்தில் இலை. ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இந்த ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது, நல்ல சாரலில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறினேன். ஈரத்தில் சக்கரம் சறுக்கும் சிக்கலுக்கு இந்தப் பாதையில் நூறு வருடங்களுக்கு முன்பே கண்டுவைத்த வழி எனக்குப் பெரிய மரியாதையைத் தந்தது.

முதலில் இலை விஷயம். ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர்தான். அந்தச் சிறு இடத்தில் ஈர இலை மாட்டி, சக்கரத்துக்குச் சக்கரம் நசுங்கி, கறுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் தூறல் விழுந்தால் பாசி பிடித்த கிணற்றடிக் கல் மாதிரி வழுக்கும். கனமழை பரவாயில்லை, ஓரளவு கழுவிவிடும். லேசான ஈரமும் காலைப் பனியும்தான் மோசம். காய்ந்த தண்டவாளத்தில் உராய்வுக் கெழு, அதாவது பிடிமானத்தின் அளவு, 0.3 அளவில் இருக்கும். இந்தப் படலத்தில் 0.05 வரை இறங்கிவிடும். பிரிட்டனில் இதற்கென்றே தனி ரயில்கள் ஓடி, 1,500 பார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 1,500 மடங்கு) தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, மணல் கலந்த கூழைப் பூசுகின்றன. அப்படியும் 2021 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி அருகே ஒரு ரயில் பிரேக் போட்டும் நிற்காமல் சறுக்கிப் போய் இன்னொரு ரயிலில் மோதியது. இலையை நினைத்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

சரி, இப்போது மேட்டுப்பாளையத்தை அடுத்து வரும் கல்லார். அங்கிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12-க்கு 1: 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். அதாவது வண்டியின் எடையில் 8 சதவீதத்துக்கும் மேல் எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. 0.05 பிடிமானம் உள்ள தண்டவாளத்தில் எல்லாச் சக்கரத்தையும் பூட்டி நிறுத்தினாலும் வண்டி கீழே வழுக்கும். காய்ந்த நாளிலும் நிம்மதி இல்லை: என்ஜின் சக்கரங்களின் பிடியை மட்டும் நம்பி மொத்த ரயிலையும் மேலே தள்ள வேண்டியிருக்கும்.

அதனால் இங்கே பிடிமானத்தை மட்டும் நம்பவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரட்டைப் பட்டைகள் ஓடுகின்றன. ஒன்றின் பல் முடியும் இடத்தில் அடுத்ததின் பல் வருமாறு தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள். என்ஜினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடுவதற்குள் அடுத்ததைப் பிடித்துவிடும். ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. நீராவி என்ஜினில் நான்கு சிலிண்டர்கள்: இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரங்களுக்கு. முதல் இரண்டில் வேலை செய்த நீராவியே பல்சக்கர சிலிண்டர்களுக்குப் போய் மறுபடி உழைக்கிறது. குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் ரயில் வந்துவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

என்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் டிரைவருக்கு முன்பாதை தெரியாது. பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேன்கள்தான் கொடி காட்டி, முன்னிருந்து பின்னுக்குச் செய்தி கடத்துகிறார்கள். நனைந்தபடி நின்றவரிடம், "மழைன்னா பயமா இருக்காதாண்ணே?" என்று கேட்டேன். "ஏறும்போது ஒண்ணுமில்லம்மா, இறங்கும்போதுதான் கை பிரேக்லயே இருக்கும்" என்றார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சேவைகளில் இவர்களுடையதைத்தான் முதலில் வைப்பேன். சுற்றுலாப் பயணிகள் பலர் அவர்களைக் கவனிப்பதே இல்லை.

குன்னூரில் பல்பாதை முடிகிறது. டீசல் என்ஜின் மாட்டுகிறார்கள்; ஏற்றம் சுமார் 25-க்கு 1 ஆகக் குறைய, மறுபடி சக்கரப் பிடிமானமே துணை. ஈரத்தில் சக்கரம் வெறுமனே சுழன்றால் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுவார்கள். ரயில் உலகம் முழுக்க இதுதான் பழைய மருந்து.

தமிழ்நாட்டின் சமவெளிகளில் இலைத் தாமதம் ஏன் கேள்விப்படுவதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. நம் காடுகளில் தேக்கு போன்ற மரங்கள் இலை உதிர்ப்பது வறண்ட மாதங்களில். பிரிட்டனில் உதிர்வும் ஈரமும் ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன. நீலகிரிப் பாதைக்குப் பெரிய எதிரி மண்சரிவு. வடகிழக்குப் பருவமழையில் பாதை மூடி, ரயில் ரத்தாகிவிடும். ஆகவே விடுமுறையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைத்திருப்பவர்கள் மலை ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

டிக்கெட்டை முன்பதிவு திறந்த உடனே எடுத்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும், சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் சரியாக இருக்கும். நேரம் குறைவு என்று குன்னூர்–ஊட்டி மட்டும் போகிறவர்கள் பல்பாதையைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். ஒரு பகுதிதான் போக முடியும் என்றால் மேட்டுப்பாளையம்–குன்னூரைத் தேர்ந்தெடுங்கள்.