ஒன்லைனில் வீட்டுப் பிளான் வாங்கப்போறீங்களா? என்ர 185,000 ரூபா போச்சு

திருகோணமலை நிலாவெளியில இருக்கிற காணிக்கு வீடு கீற, பிளான் விற்கிற ஒரு இணையத்தளத்துக்கு 185,000 ரூபா கட்டினன். முழுக்க முற்பணம். போனில் பேசின பொடியன், "அண்ணை, கச்சான் காத்து எந்தப் பக்கத்தால அடிக்கும்?" என்று கேட்டான். எங்கட பக்கம் அடிக்கிற சூடான தென்மேற்குக் காத்துத்தான் கச்சான். அந்தக் கேள்வியிலதான் விழுந்தன். கச்சானைக் கேட்கிறவன் பிழை விடமாட்டான் என்று நினைச்சன். கட்டட வேலையிலேயே கிடக்கிற எனக்கே இந்த நிலை!

வந்தது அச்சொட்டா டுபாய் வில்லா. 14 அங்குலச் சுவர், சின்ன யன்னல், தாழ்வாரமே இல்லாத தட்டுக் கூரை. பாலைவனத்துக்கு அது சரியான கணக்கு. பகல் சூட்டைத் தடிச்ச சுவர் பிடிச்சு வைக்கும், இரவு நல்லாக் குளிர வெளியே விட்டிடும். இங்க ஆடி மாத இரவு 25, 26 பாகையோட நிண்டிடும். சுவர் விடியவிடிய அறைக்குள்ளதான் சூட்டைக் கக்கும். சின்ன யன்னலால காத்தும் வராது.

களவு பிடிபட்டது வெயில் மறைப்பில. டுபாய் பூமத்திய ரேகைக்கு 25 பாகை வடக்கில இருக்கு, அங்க உச்சி வெயில் வருஷம் முழுக்கத் தெற்காலதான். அதால மறைப்பும் தெற்கில மட்டும். திருகோணமலை எட்டரைப் பாகை. ஏப்ரல் நடுவில இருந்து ஓகஸ்ட் கடைசிவரை உச்சி வெயில் வடக்கால சாயும். கச்சான் அடிக்கிற அந்த மாதங்களில வடக்கு யன்னல் எல்லாம் மொட்டையா நிற்கும்.

மழையும் அப்படித்தான். அங்க வருஷத்துக்கே 100 மில்லிமீற்றர் அளவுதான். இங்க மாரியில ஒரு நாளிலேயே அவ்வளவு கொட்டும். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் கட்டின முழுக் கூரைக்கும் 2 அங்குலக் குழாய் ரெண்டு! நாலு இலை அடைச்சால் தலைக்கு மேல குளம்.

கேட்டால் முதல் "டிசைனர் லீவு". பிறகு "ஏசி போடுவீங்கதானே". பிறகு "டவுன்லோட் செய்த ஃபைலுக்குக் காசு திரும்பாது". இண்டைக்குக் காலமை நம்பரையே புளொக் பண்ணிட்டாங்கள். 185,000 ரூபா! காணியை வந்து பார்த்துக் கீற ஊரிலேயே ஆள் இருக்கு.

விரிவாச் சொல்லத்தான் தொடங்கினன், ஆத்திரத்தில கை ஓடுதில்லை. பிளானில வடக்கு அம்புக்குறி இருக்கா பாருங்கோ. மறைப்பு எந்தப் பக்கம், ஏன் என்று கேளுங்கோ. தாழ்வாரம் மூன்றடியாவது வெளியே நீளவேணும். முழுக்காசையும் முதலே குடுக்காதேங்கோ.

மனிசியின்ர போனில பார்த்தன். அதே வில்லா, அதே படம், "கல்முனைக் காணிக்கென்றே கீறினது" என்று ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான்.