விண்டோஸ் செவனோடேயே கிடப்பதா, லினக்ஸ் மின்டுக்குப் போவதா?

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. அங்கே இருப்பது ஒரு பழைய கணினி: கோர் 2 டுவோ சிப், 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. "தம்பி, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பப் பிள்ளையள் வந்து நிக்கினம், பக்கம் வெள்ளையா நிக்குது" என்று கடைக்கார அண்ணை கூப்பிட்டார். புதுப் பிரவுசர் ஒன்றை இறக்கி ஓட்டிப் பார்த்தேன், விண்டோஸின் கேர்னல்32.டிஎல்எல் கோப்பில் எதையோ காணவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. பெட்டி சொல்வது உண்மைதான். புது மென்பொருள் விண்டோஸ் 8இலும் 10இலும் வந்த ஃபங்ஷன்களை (விண்டோஸ் செய்து கொடுக்கும் உள்வேலைகளை) பெயர் சொல்லிக் கூப்பிடும், செவனில் அந்தப் பெயரில் ஆளே இல்லை.

செவனுக்குக் கிடைத்த கடைசிப் பதிப்புகளோடு காலம் தள்ளுவது ஒரு வழி. குரோம் 109ஓடு 2023இல் நின்றுவிட்டது. ஃபயர்ஃபொக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) அதைவிட மேல்: செவன்காரருக்காக அதன் ஆயுளைப் பல தடவை நீட்டினார்கள், தளம் நம்பத்தக்கதா என்று பார்க்கும் சான்றிதழ்களையும் அது தன் பையிலேயே வைத்திருப்பதால் விண்டோஸின் பழைய பட்டியலை நம்பி நிற்பதில்லை. லிப்ரே ஒபிஸ் 25.8ஓடு செவனைக் கைவிட்டது, அதற்கு முந்தையதை வைத்திருந்தால் கடிதம் அடிக்கக் குறையில்லை.

மற்றது ஒட்டு வேலை. சூப்பர்மியம் என்று ஒரு பிரவுசர் இருக்கிறது, குரோமின் மூலக் குறிமுறையை எக்ஸ்பியிலும் ஓடும்படி திருத்தியது. விஎக்ஸ்கெக்ஸ் வேறு மாதிரி, செவனில் இல்லாத ஃபங்ஷன்களைத் தானே கொடுத்து, தேவைப்பட்டால் இது விண்டோஸ் 10 என்று மென்பொருளிடம் பொய்யும் சொல்லும். கெட்டிக்கார வேலைதான், எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் கறையான் தின்ற வளையின் மேல் புது ஓடு போட்ட கதை. செவனுக்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஓடு முடிந்துவிட்டன, இந்தக் கடையிலோ நாள் முழுக்க ஊரார் பென்டிரைவ் ஏறி இறங்குகிறது, சனம் அடையாள அட்டை இலக்கமும் பாஸ்வேர்ட்டும் இதில்தான் அடிக்கிறது. வீட்டில் தனியாகப் பாவிக்கிறவர் செய்து பார்க்கட்டும், கடைக்குச் சரிவராது.

விண்டோஸ் 10? அதன் வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் போய்விட்டது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு கோர் 2 டுவோவில் தொடங்கவே மாட்டாது, அது கேட்கும் ஒரு கட்டளை அந்தச் சிப்பில் இல்லை.

மிஞ்சியது லினக்ஸ் மின்ட் 22, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம், அதிலும் பழைய கணினிக்குப் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு. 2029 வரை திருத்தங்கள் வரும், ஃபயர்ஃபொக்ஸ் எப்போதும் நடப்புப் பதிப்பு. பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினேன், விண்ணப்பப் பக்கம் திறந்தது. அண்ணையின் கேள்வி வேறு: "பாமினி அடிக்கலாமோ?" அடிக்கலாம். பாமினி வெறும் எழுத்துருதானே, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது. ஃபொன்ட் கோப்பைப் போட்டு லிப்ரே ஒபிஸில் தெரிவு செய்தால் போதும், விரலுக்குப் பழகிய அதே கட்டைகள். (யூனிகோட் அல்லாததால் அதை அப்படியே இணையப் படிவத்தில் ஒட்ட முடியாது, அது செவனிலும் அப்படித்தான்.) பழைய லேசர் பிரிண்டரைப் பேச வைக்க மட்டும் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது, நடுவில் கரண்டும் போனது.

தடுக்கியது பேஜ்மேக்கர், லினக்ஸுக்கு வராத பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல் எல்லாம் பத்து வருசமாக அதில் கிடக்கின்றன. ஆகவே சின்ன எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கி மின்டை அதில் ஏற்றினோம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் செவன் இருந்தபடியே இருக்கிறது, அதில் இணையத்தை மட்டும் அணைத்துவிட்டேன். அந்த டிஸ்க்கில் உள்ள கோப்புகளை மின்டிலிருந்தே எடுக்கலாம், கார்ட் வேலை வந்தால்தான் ரீஸ்டார்ட் செய்து செவனுக்குப் போக வேண்டும்.

போன கிழமை அண்ணை திரும்பவும் எடுத்தார், "தம்பி, அந்தப் பேஜ்மேக்கரையும் இஞ்சால கொண்டு வரேலாதே?"