எல்க் வேட்டைக்கு எத்தனை கிரெய்ன் அம்பு? 400, 475, 650 ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் மானுக்கான வில் வேட்டைப் பருவம் செப்டம்பரில். அதற்கு முந்தைய கோடையில் அம்பை மாற்றலாமா என்ற யோசனை வராத வில்லாளி குறைவு. எனக்கும் வந்தது. இலகுவான 400 கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் சிறு அலகு), நடுத்தரமான 475, கனமான 650 என்று மூன்று கட்டி, ஒரே வில்லில் எய்து பார்த்து, கடைசியில் 475-இல் நின்றுவிட்டேன். கிராமில் சொன்னால் இவை ஏறத்தாழ 26, 31, 42. கையில் எடுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. மலையில் தெரியும்.

எல்க் நம் கடமானைவிடப் பெரிய மான். நன்கு வளர்ந்த ஆண் சராசரியாக 320 கிலோ வரும், பெண் 225 கிலோ அளவில் இருக்கும். தடித்த தோல், கெட்டியான தோள்பட்டை எலும்பு. சட்டம் கேட்பது மிகக் குறைவுதான். கொலராடோவில் 35 பவுண்டு இழுவிசை கொண்ட வில்லும் 7/8 அங்குல அகல அம்புமுனையும் போதும். மொன்டானாவில் அம்பின் மொத்த எடை 300 கிரெய்னுக்குக் குறையக் கூடாது. அந்த எல்லைகளுக்கு மிக மேலே நின்றுதான் நாம் பேசுகிறோம்.

என் வில் 65 பவுண்டு காம்பவுண்டு (கப்பி வைத்த நவீன வில்), இழுநீளம், அதாவது நாணை முழுதாக இழுக்கும் தூரம், 28 அங்குலம். வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் 400 கிரெய்ன் அம்பு விநாடிக்குச் சுமார் 280 அடி வேகத்திலும், 475 அம்பு 260 அடியிலும், 650 அம்பு 225 அடியிலும் போனது. விற்பனைத் தாள்களில் போடும் 330, 340 அடி வேகங்களை இதோடு ஒப்பிட வேண்டாம். அவை 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெய்ன் அம்பு என்ற கணக்கில் அளந்தவை. அப்படி யாரும் எல்க் வேட்டைக்குப் போவதில்லை.

இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 70, 71, 73 அடி-பவுண்டு. வில் கொடுக்கிற ஆற்றல் ஒன்றே என்பதால் இதில் ஆச்சரியமில்லை. கனமான அம்பு அதைச் சற்று முழுமையாக வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை எல்க்குக்கு 42 முதல் 65 வரை சொல்கிறது. மூன்றுமே அதைத் தாண்டிவிட்டன. ஆகவே ஆற்றலை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

உந்தம் (எடையை வேகத்தால் பெருக்கி வருவது) வேறு கதை. ஸ்லக்-அடி/விநாடி கணக்கில் 400-க்கு 0.50, 475-க்கு 0.55, 650-க்கு 0.65. அம்பு உடலுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதில் இந்த எண்ணுக்குத்தான் அதிக மதிப்பு. கனமான அம்பின் ஆதரவாளர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. டாக்டர் எட் ஆஷ்பி 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தொடங்கிய ஊடுருவல் ஆய்வுகளில், கனமான எலும்பை உடைத்துக்கொண்டு போக ஏறத்தாழ 650 கிரெய்னாவது வேண்டும் என்று கண்டார். இன்று 650 என்ற எண்ணை எல்லோரும் சொல்வதற்கு அவரே காரணம். கனமான அம்பில் இன்னொரு நன்மையும் உண்டு. வில் அமைதியாக இருக்கும். அம்பு எடுத்துக்கொள்ளாமல் விட்ட ஆற்றல்தான் அதிர்வாகவும் சத்தமாகவும் வெளிப்படுகிறது. 650-ஐ எய்யும்போது என் வில் அடங்கிய ஓசையோடு நின்றது, 400-இல் படீரென்று கேட்டது.

இத்தனையும் தெரிந்தும் ஏன் 650-ஐ எடுக்கவில்லை? தூரத்தைத் தப்பாகக் கணிப்பதால் வரும் வீழ்ச்சிதான் காரணம். என் முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

செப்டம்பரில் ஆண் எல்க்கைக் கூப்பிட்டு வரவழைக்கிறோம். பெண் எல்க்கின் குரலைக் கேட்டு அது ஆஸ்பென் மரங்களுக்கு இடையே வரும். வருகிற வழியில் உள்ள மரங்களை ரேஞ்ச்ஃபைண்டரில் முன்பே அளந்து வைத்திருப்போம். அந்த மரம் 40 கெஜம், இந்தப் பாறை 30 கெஜம். ஆனால் விலங்கு நாம் அளந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் நான்கைந்து கெஜம் தள்ளி நிற்கும். நம் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கையை உயர்த்தி மறுபடி அளக்க முடியாது. நாணை ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆக, ஐந்து கெஜப் பிழை என்பது திறமைக் குறைவால் வருவதில்லை. இந்த வேட்டை முறையிலேயே அது கலந்திருக்கிறது.

இப்போது கணக்கு. 40 கெஜம் என்று நினைத்து எய்கிறோம், விலங்கு 45-இல் நிற்கிறது. குறிவைத்த இடத்துக்குக் கீழே 400 கிரெய்ன் அம்பு 5 அங்குலம் இறங்கும். 475 அம்பு கிட்டத்தட்ட 6. 650 அம்பு கிட்டத்தட்ட 8. காற்றின் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. உண்மையில் மூன்றும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும். எல்க்கின் நுரையீரலும் இதயமும் உள்ள பகுதி மேலிருந்து கீழாகச் சுமார் 15 அங்குலம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். நடுவில் குறிவைத்தால் கீழே ஏழரை அங்குலம் கையிருப்பு. 475 அம்பு அதற்குள் தங்கும், சின்னக் கைநடுக்கத்துக்கும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். 650 அம்பு நடுக்கமே இல்லாமல் எய்தாலும் விளிம்பைத் தாண்டிவிடும். அங்கே இருப்பது நெஞ்சின் அடிச்சதையும் கால் எலும்பும். அப்படி அடிபட்ட விலங்கு ஓடிப்போகும், கிடைக்காது, காட்டில் எங்கோ துன்பப்படும். 0.65 உந்தத்தால் அங்கே எந்தப் பயனும் இல்லை.

மலைச்சரிவு இதைக் கூட்டுகிறது. 30 டிகிரி சரிவில் கண்ணுக்கு 40 கெஜம் என்று தெரியும் விலங்குக்கு, 35 கெஜத்துக்கு எய்வது போல எய்ய வேண்டும். கோணத்தைக் கழித்துச் சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். கண்ணளவில் எய்ய நேர்ந்தால், சரிவை மறந்த ஒரே காரணத்தால் அதே ஐந்து கெஜம் மேல்பக்கமாகத் தப்பும்.

இதற்குக் கனமான அம்புக்காரர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: 25 கெஜத்துக்கு மேல் எய்யாதே. அதை நான் மதிக்கிறேன். 20 என்று நினைத்து 25-இல் இருக்கும் விலங்கை எய்தால் 475 அம்பு 3 அங்குலமும் 650 அம்பு 4 அங்குலத்துக்குச் சற்று மேலும் இறங்கும். அந்தத் தூரத்தில் வேறுபாடு பொருட்டே இல்லை. சேற்றுக் குட்டைக்கு மேலே மரத்தில் தட்டு கட்டி உட்காருபவர், எல்லாத் தூரத்தையும் முன்பே அளந்து வைத்திருப்பவர், 650 எடுத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். நான் நடந்து தேடி, கூப்பிட்டு வேட்டையாடுபவன். எனக்கு 30, 40 கெஜ வாய்ப்புகள்தான் அதிகம் வருகின்றன.

சரி, அப்படியானால் இன்னும் தட்டையாகப் போகும் 400 ஏன் வேண்டாம்? 475-ஐவிட அது மிச்சம் பிடித்துத் தருவது ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அதற்கு விலையாக உந்தத்தில் பத்தில் ஒரு பங்கு போகிறது. தண்டின் சுவரும் மெலிதாகிவிடுகிறது, விலா எலும்பில் பட்டால் முன்பகுதி உடையும் வாய்ப்பு கூடுகிறது. நிலையான அலகுள்ள முனைகளை 280 அடி வேகத்தில் நேராகப் பறக்க வைப்பதும் கூடுதல் வேலை. திறந்த வெளியில் பிராங்ஹார்ன், மியூல் மான் என்று தூரத்தில் எய்பவர்களுக்கு 400 நல்ல அம்பு. எல்க்குக்கு என் முதல் தேர்வு அது இல்லை.

என் 475 இப்படிக் கட்டியது: 28 அங்குலத் தண்டு, அங்குலத்துக்கு 9.5 கிரெய்ன், ஸ்பைன் (தண்டின் விறைப்பு எண்; எண் குறைந்தால் விறைப்பு கூடும்) 300. முன்னால் முனையைத் திருகி மாட்டும் 50 கிரெய்ன் எஃகு இன்சர்ட், 125 கிரெய்ன் முனை. மீதி எடை நாணில் மாட்டும் பின்முனையும் (நாக்) மூன்று இறகுகளும். முன்பாரம், அதாவது எடையின் நடுப்புள்ளி தண்டின் நடுவிலிருந்து முன்னால் தள்ளியிருக்கும் அளவு, சுமார் 15 சதவீதம் வருகிறது. முன்பகுதியில் எடை கூடக் கூட தண்டு அதிகம் வளையும் என்பதால், 650 கட்டும்போது ஸ்பைன் 250 தண்டுக்குப் போக வேண்டியிருந்தது. வெறும் முனையை மட்டும் மாற்றி 650 ஆக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முனையில் நான் போடுவது விரியாத, நிலையான மூன்று அலகு, 1 1/8 அங்குல வெட்டு. விரியும் மெக்கானிக்கல் முனைகள் ஒன்றரை, இரண்டு அங்குலம் வெட்டும், ரத்தத் தடமும் நன்றாக விழும் என்கிறார்கள். ஆனால் விரிவதற்கும் அகலமாக வெட்டுவதற்கும் ஆற்றல் செலவாகிறது. 28 அங்குல இழுநீளக்காரனான என்னிடம் வீணாக்க அவ்வளவு மிச்சமில்லை. அவற்றில் என் அனுபவம் குறைவு என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். 30 அங்குலம் இழுக்கும் ஒருவரின் கணக்கு வேறாக வரலாம்.

எடையைவிட முக்கியமானது அம்பு நேராகப் பறப்பது. ஆஷ்பியின் வரிசையிலேயே முதலிடம் அம்பு உடையாமல் நிற்பதற்கு, இரண்டாமிடம் பறப்பின் செம்மைக்கு. வாலை ஆட்டிக்கொண்டு போகும் 650, நேராகப் போகும் 475-இடம் தோற்கும். காகிதத்தைத் துளைத்துப் பார்ப்பது தொடக்கம்தான். இறகில்லாத தண்டை 20 கெஜத்தில் எய்து பார்க்க வேண்டும். அப்புறம் வேட்டை முனையையும் பயிற்சி முனையையும் 40 கெஜத்தில் மாறி மாறி எய்து, இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை ரெஸ்ட்டை (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) நுண்ணிதாக நகர்த்த வேண்டும்.

வில்லைப் பற்றிச் சுருக்கமாக. 70 பவுண்டு இழுக்க முடிந்தாலும் 65-இல் வைத்திருக்கிறேன். குளிர்ந்த காலையில், கனத்த உடுப்போடு, சரிவில் மண்டியிட்டு, வில்லை மேலே தூக்காமல் மெதுவாக இழுக்க முடிய வேண்டும். எல்க் மரத்தின் பின்னால் நின்றுவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேலும் பிடித்திருக்க நேரும். வில்லில் பொருத்திய குறிகாட்டியில் ஒற்றைப் பின்னை (குறிபார்க்கும் ஊசி) நகர்த்தும் வகையைவிட 20, 30, 40, 50 என்று நிலையான பின்கள் எனக்குப் பிடிக்கும். விலங்கு நகரும்போது சக்கரத்தைத் திருப்ப நேரம் இருக்காது.

50 பவுண்டு வில்லும் குறுகிய இழுநீளமும் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன எடைகள் அப்படியே பொருந்தாது. அங்கே 400-ஐ ஒட்டிய அம்பே அந்த வில்லுக்கு நடுத்தரம். அதில் பட்டவுடன் வெட்டும் இரண்டு அலகு முனையைப் போட்டு, தூரத்தை 30 கெஜத்துக்குள் வைத்துக்கொண்டால் எல்க்குக்கு அது போதுமானது. கப்பி இல்லாத நீள்வில்லும் ரிகர்வும் நான் வேட்டைக்கு எடுத்துப் போனதில்லை, எனவே இந்தக் கணக்கைக் காம்பவுண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை மாற்றுவதாக இருந்தால் ஜூலைக்குள் மாற்றிவிடுங்கள். 400-இலிருந்து 475-க்கு வந்தாலே எல்லாப் பின்களையும் கீழே இறக்க வேண்டியிருக்கும், டியூனிங்கும் முதலிலிருந்து தொடங்கும். 650-க்குப் போனால் நெடுந்தூரப் பின்கள் மிகவும் தாழ்ந்து, சில வில்களில் அம்பின் இறகு குறிகாட்டியின் கூட்டில் உரசவும் கூடும். புதுத் தண்டுகளை ஒரு டஜன் வாங்குவதற்கு முன் இரண்டை மட்டும் கட்டி எய்து, இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.