கண்டியில் ஒரு கொத்துக் கடை

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் இந்த முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கோழிக் கொத்து ரொட்டியை, ஹட்டனிலிருந்து வரும்போதெல்லாம் தவறாமல் சாப்பிடுகிறேன். லீக்ஸும் கறிவேப்பிலையும் தாராளமாக விழுகின்றன. ரொட்டி கல்லிலேயே மொறுகுவதால், குழம்பு ஊற்றிய பின்னரும் சொதசொதப்பதில்லை. பிளேன்டீயில் மட்டும் இஞ்சி கொஞ்சம் அதிகம்.

2019 ஏப்ரலில் முஸ்லிம் தீவிரவாதிகள் நடத்திய ஈஸ்டர் குண்டுவெடிப்புகளை அடுத்து, மே மாத இறுதியில், பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த பௌத்த பிக்கு அத்துரலியே ரதன தேரர், இரண்டு முஸ்லிம் ஆளுநர்களையும் ஓர் அமைச்சரையும் பதவி நீக்கக் கோரித் தலதா மாளிகை என்ற கண்டியின் பௌத்த ஆலயத்துக்கு அருகே உண்ணாவிரதம் தொடங்கினார். ஜூன் 3ஆம் திகதி ஆளுநர்கள் விலக, முஸ்லிம் அமைச்சர்களும் கூட்டாகப் பதவி துறந்தனர். அந்தக் குண்டுவெடிப்புகளில் எந்தப் பங்குமில்லாத இந்த முதலாளியின் மேசைகள், அதன் பின்னர் வாரக்கணக்கில் வெறுமையாகக் கிடந்ததை நானே பார்த்தேன். மதகுருவின் சொல்லுக்கு அரசாங்கம் பணியலாம். அதற்காக ரொட்டி தட்டுபவரை வாடிக்கையாளர் தண்டித்தது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்று கல்லாவில் இருந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

இப்போது மதியத்தில் இடம் கிடைப்பது கடினம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடை பூட்டியிருக்கும். இரண்டு மணிக்குப் பிறகு செல்லுங்கள்.